டீச்சர் டென்ஷனில் இருந்தால் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதா?

அரைத்தூக்கம் (கேள்வி கேட்டவர்) | பிப்ரவரி 9, இரவு 9.40

என் பெண்ணுக்கு மூன்றரை வயது. அவளுடைய டீச்சர் முன்பெல்லாம் வாசலிலேயே நின்று அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வார். சில வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்டுகிறாரா என்று பெண்ணிடம் கேட்டால், "இல்ல, மிஸ் சும்மா இருக்காங்க" என்கிறாள். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: ஆசிரியரின் மன அழுத்தம் குழந்தைக்குத் தொற்றும், மூளை வளர்ச்சியே நின்றுவிடும், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்று. உண்மையா? பள்ளியை மாற்றிவிடலாமா?

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 9, இரவு 10.15

மூளை வளர்ச்சி நிற்காது. முதலில் போய்த் தூங்குங்கள்.

சம்பந்தம் உண்டு, ஆனால் பார்வர்ட் சொல்கிற வழியில் இல்லை. நான் பல வருடம் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இருந்தவள். இப்போது மற்றவர்களின் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. இரண்டு பக்கமும் இருந்ததால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். நாளைக்கு.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 10, காலை 6.30

அந்தப் பார்வர்டின் பூர்வீகம் அனேகமாக 2016-ல் கனடாவிலிருந்து வந்த ஒரு ஆய்வு. ஈவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் இருவரும் எழுதியது. 17 ஆசிரியர்கள், அவர்களின் வகுப்பிலிருந்து 406 மாணவர்கள். ஆசிரியர் எந்த அளவுக்கு பர்ன்அவுட் ஆகியிருக்கிறார், அதாவது வேலையால் நொந்துபோயிருக்கிறார் என்பதைக் கேள்வித்தாள் கொடுத்து அளந்தார்கள். மாணவர்களின் உமிழ்நீரை எடுத்து அதில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்தார்கள். அதிகமாக நொந்துபோயிருந்த ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகளின் காலைக் கார்டிசாலும் கூடுதலாக இருந்தது.

கட்டுரையின் தலைப்பிலேயே 'தொற்று' என்று வரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. பார்வர்ட் செய்தவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கேள்விக்குறியை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த மாணவர்கள் நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிப்பவர்கள், சராசரி வயது 11. உங்கள் பெண் மூன்றரை. அதோடு, ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்குப் போனதா, பிள்ளைகள் படுத்திய பாட்டில் ஆசிரியர் இப்படி ஆனாரா, இல்லை இரண்டு தரப்பையும் சேர்த்து வாட்டுகிற பள்ளியா என்பதை இந்த மாதிரி அளவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கார்டிசாலும் விஷம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து நடமாட நம்மைத் தயார்ப்படுத்துவதில் அதற்கும் பங்கு உண்டு.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 10, மாலை 7.05

"அப்போ எல்லாம் கட்டுக்கதையா" என்று இங்கே 'பழைய பெஞ்சு' என்ற பெயரில் எழுதுபவர் கேட்கிறார். அப்படியும் இல்லை. பெரியவர்களின் பதற்றம் சின்னவர்கள் உடம்புக்குத் தெரிகிறது என்பதற்கு வேறு நல்ல சான்று இருக்கிறது. 2014-ல் சாரா வாட்டர்ஸ் குழுவினர் 12 முதல் 14 மாதக் குழந்தைகளையும் அம்மாக்களையும் வைத்துச் செய்தது. அம்மாவைத் தனியே அழைத்துப்போய், முகம் சுளிக்கும் ஆட்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். குழந்தை அதைப் பார்க்கவே இல்லை. அம்மா திரும்பி வந்து மடியில் வைத்துக்கொண்டதும் குழந்தையின் இதயத் துடிப்பும் அம்மாவுடையதை ஒட்டி மாறியது. அந்நியர்களிடம் போகவும் கூடுதலாகத் தயங்கியது.

ஆனால் அது அம்மா, அது மடி. ஒரு வகுப்பில் பதினைந்து இருபது பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் டீச்சரின் இதயத் துடிப்பைப் பின்தொடர்வதற்கு அவர்களுக்கு எங்கே நேரம்? பக்கத்தில் இருப்பவன் சிவப்பு கிரேயானைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான்.

என் கட்சி வேறு. பாதிப்பு இதயம் வழியாகப் போவதைவிட வாய் வழியாகப் போகிறது. பேச்சு வழியாக.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 12, இரவு 11.20

பேச்சு என்றால் என்ன என்று காட்டுகிறேன். குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றிவிட்டேன்.

கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு சுவர். அதற்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. நான்கு வயதுப் பையன் ஒருவன் காதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கிறான்.

"மிஸ், செவுத்துக்குள்ள யாரோ தண்ணி குடிக்கிறாங்க."

ஆசிரியர் மண்டியிட்டுத் தானும் காது வைத்தார். "ஆமா, கேக்குதே. யாரா இருக்கும்?"

"பெரிய ஆளு."

"பெரிய ஆளுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. அவரும் எழுந்து போகவில்லை. அப்படியே மண்டியிட்டபடி இருந்தார்.

"நிறுத்தாம குடிக்கிறாங்க. நான் குடிச்சா நடுவுல மூச்சு விடணும்."

அதற்குள் கை கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடினாள். சத்தம் நின்றது. "குடிச்சு முடிச்சுட்டாங்க" என்றான். ஆசிரியர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்னொரு தடவ தொற பாப்போம்" என்றார். திறந்தாள், சத்தம் வந்தது. மூடினாள், நின்றது. இப்போது நான்கு காதுகள் சுவரில். பையன் திரும்பி, "நாமதான் அவங்களுக்குக் குடுக்கிறோம்!" என்றான்.

இதற்கு எல்லாமாக இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு ஊகம், அதற்கு ஒரு காரணம், தன் உடம்போடு ஒப்பீடு, சோதனை, முடிவு. முடிவு தப்புதான், ஆனால் பிரமாதமான தப்பு. பாடத்திட்டத்தில் 'அறிவியல் சிந்தனை' என்று தலைப்புப் போட்டு எழுதுவது இதைத்தான்.

அதே ஆசிரியர், சில மாதம் கழித்து. கூட இருந்தவர் வேலையை விட்டுப் போயாயிற்று, மாற்று ஆள் வரவில்லை. வேறொரு பிள்ளை வந்து, நிழலை மிதித்தால் அதற்கு வலிக்குமா என்று கேட்டது. "வலிக்காதும்மா. வா, வரிசையில நில்லு."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, சொன்ன பதிலும் சரியானது. அந்த நேரத்தில் நான் குறிப்பெடுத்திருந்தால் 'கடுமை' என்ற பத்தியில் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். நிழலுக்கு ஏன் வலிக்காது என்ற பேச்சு நடக்கவில்லை, அதுதான் நஷ்டம். நடக்காத ஒன்றைக் குறிக்க என் தாளில் கட்டமே கிடையாது.

அரைத்தூக்கம், உங்கள் பெண் சொன்ன "மிஸ் சும்மா இருக்காங்க" எனக்கு உறுத்தியது இதனால்தான்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 12, இரவு 11.34

நிழலுக்கு வலிக்குமா என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் "வலிக்காது" என்று சொல்லிவிட்டு, ராத்திரி படுக்கையில் "சே, எப்படிப்பட்ட கேள்வி!" என்று எழுந்து உட்கார்ந்திருப்பேன். இந்தத் தொழிலில் நல்ல பதில்கள் எல்லாம் படுத்த பிறகுதான் வரும்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 13, காலை 7.10

பேச்சுக்கும் கற்றலுக்கும் தொடர்பு என்பதற்கு என்ன ஆதாரம் என்று 'எண்கணக்கு' என்ற பெயரில் எழுதுபவர் கேட்டிருக்கிறார். கேட்பார் என்று தெரியும்.

2018-ல் ரேச்சல் ரோமியோ குழு நான்கிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தது. பெரியவர் எத்தனை வார்த்தை பேசினார் என்பதைவிட, பேச்சு எத்தனை முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போனது என்பதே முக்கியமாக இருந்தது. அப்படி அதிகம் பேசிய பிள்ளைகள் கதை கேட்கும்போது மூளையில் மொழிக்கான ப்ரோகா பகுதி கூடுதலாக வேலை செய்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. வீட்டில் எடுத்த பதிவு என்பதை ஞாபகத்தில் வையுங்கள், வகுப்பறை அல்ல.

வகுப்பறைக்கு எனக்குப் பிடித்தது பழைய சரக்கு. 1970-களில் மேரி பட் ரோ ஆரம்பப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, தாமாகப் பேசுவது கூடுகிறது, வாயே திறக்காதவர்கள் திறக்கிறார்கள். மேலே அந்தப் பையனுக்கு "நடுவுல மூச்சு விடணும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று பாருங்கள். மனசு பதறிக்கொண்டிருக்கும் ஆளால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. இடையில் ஏதாவது பேசி மூடிவிடுவார்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 15, மாலை 6.45

"ஆனால் எங்கள் பள்ளியில் அப்படிக் களைத்திருக்கும் டீச்சரின் வகுப்புதான் அமைதியான வகுப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பாராட்டாக. அமைதியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளைக் கவனித்து மதிப்பிட 'கிளாஸ்' என்ற கருவி பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ராபர்ட் பியாண்டா, கேரன் லா பாரோ, பிரிட்ஜெட் ஹாம்ரே உருவாக்கியது. 1 முதல் 7 வரை மதிப்பெண். உணர்வு ஆதரவு, வகுப்பு ஒழுங்கமைப்பு, கற்பித்தல் ஆதரவு என்று மூன்று பிரிவு. மூன்றாவதில் வருவது சுவர்-குழாய் மாதிரிப் பேச்சுகள். நல்ல நிலையில் இருக்கும் வகுப்புகளிலேயே பொதுவாக மூன்றில் இதற்குத்தான் குறைந்த மதிப்பெண் கிடைக்கும்.

நான் பார்த்த வரை, களைப்பில் முதலில் போவதும் இதுதான். ஒழுங்கு கடைசிவரை நிற்கும். வரிசை நிற்கும், பாட்டு நடக்கும், பாய் விரித்துப் படுக்க வைப்பது நேரத்துக்கு நடக்கும். பேச்சு மட்டும் "உட்காரு", "எடு", "வை", "போதும்" என்று சுருங்கும். வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும் தலைமை ஆசிரியருக்கு அது நன்றாக நடக்கும் வகுப்பு.

ஹாம்ரேவும் பியாண்டாவும் 2004-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதன் நிழல் இருக்கிறது. மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருப்பதாகச் சொன்ன பராமரிப்பாளர்கள் பிள்ளைகளிடம் அதிகம் ஒதுங்கியிருந்தார்கள், அவர்களின் குறிப்பைப் புரிந்து நடப்பதும் குறைவாக இருந்தது. மன அழுத்தம் என்றதும் நாம் கத்தும் டீச்சரைத்தான் நினைக்கிறோம். எனக்குக் கத்தாத டீச்சரைப் பற்றித்தான் கூடுதல் கவலை. கத்தினால் யாராவது புகார் கொடுப்பார்கள்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 16, இரவு 9.00

எண்கணக்கு விடவில்லை: "மதிப்பெண் குறையுமா, அதைச் சொல்லுங்கள்."

சரி. 2015-ல் லீ மெக்லீன், கரோல் கானர் இருவரின் ஆய்வு. மூன்றாம் வகுப்பு, 27 ஆசிரியர்கள். மனச்சோர்வு அறிகுறி அதிகமாக இருந்த ஆசிரியர்களின் வகுப்புச் சூழல் தரம் குறைந்திருந்தது. அதில் அடி வாங்கியது எல்லாப் பிள்ளைகளும் அல்ல. கணக்கில் ஏற்கெனவே பின்தங்கியிருந்தவர்கள்தான். நன்றாகச் செய்பவன் டீச்சர் எப்படி இருந்தாலும் செய்கிறான். இதுவும் எட்டு வயதுக்காரர்கள் கதைதான், ஆனால் யாருக்கு அதிகம் வலிக்கிறது என்ற அந்த வடிவம் சின்ன வகுப்பிலும் எனக்குப் பழக்கமானது. அதிகம் பேசும் பிள்ளை களைத்த டீச்சரையும் பேச வைத்துவிடும். பேசாத பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசுவதைத்தான் களைத்தவர் விட்டுவிடுவார்.

மற்றபடி, நேராக 'ஆசிரியர் அழுத்தம் இவ்வளவு, எழுத்தறிவு இவ்வளவு' என்று கோடு போட்டால் வரும் தொடர்பு பெரிதாக இருக்காது. நடுவில் பேச்சு, உறவு, வீடு, தூக்கம் என்று எத்தனையோ இருக்கின்றன. பெரிய எண் சொல்லி யாராவது உங்களிடம் பயிற்சி விற்க வந்தால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 16, இரவு 9.25

இன்னொரு சிக்கல், யாரும் அவ்வளவாகப் பேசாதது. சிறு பிள்ளைகள் ஆய்வுகளில் பலவற்றில் டீச்சரே தன் அழுத்தத்தைப் பற்றிய தாளை நிரப்புகிறார், டீச்சரே பிள்ளையின் நடத்தையைப் பற்றிய தாளையும் நிரப்புகிறார். தலைவலியோடு இருக்கும் நாளில் எந்தப் பிள்ளையும் அடங்காப்பிடாரியாகத்தான் தெரியும். நானும் அப்படிப்பட்ட தாள்கள் நிரப்பியிருக்கிறேன். மாதக் கடைசியில், பெஞ்சு மேல் இருந்து ஒருவன் குதித்துக்கொண்டிருக்கும்போது, "இந்தக் குழந்தை எளிதில் கோபப்படும்: ஒருபோதும் இல்லை / சில நேரம் / எப்போதும்" என்று வரும். கை தானாக எங்கே போகும்?

அதனால்தான் வெளியாள் வந்து பார்த்து மதிப்பிட்ட ஆய்வுகளுக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். வெளியாள் நான்தான் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 18, பகல் 1.15

பழைய பெஞ்சு: "முதலில் பிள்ளைகளை அடக்கி வளர்க்கச் சொல்லுங்கள். டீச்சருக்கு டென்ஷன் அவர்களால்தான் வருகிறது."

பாதி சரி. கடிக்கிற, அடிக்கிற, ஓடிப்போகிற ஒரு பிள்ளை இருந்தால் அன்றைய நாள் முழுவதும் அந்தப் பிள்ளையைச் சுற்றித்தான் ஓடும். டீச்சர் கடுப்பாவார், அந்தக் கடுப்பு பிள்ளைக்குத் தெரியும், அது இன்னும் மோசமாக நடக்கும், டீச்சர் இன்னும் கடுப்பாவார். 2015-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' முன்பள்ளித் திட்டத்தின் 1,001 ஆசிரியர்களிடம் கேட்டு வெளியான ஆய்வில், வேலைப் பளு, கையில் அதிகாரமின்மை, ஆதரவின்மை கூடக் கூட ஆசிரியர்-பிள்ளை உரசலும் கூடியது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று கேட்டால் இரண்டு பேருமே அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

அந்தச் சுழல் எங்கே போய் முடிகிறது தெரியுமா? வெளியேற்றத்தில். வால்டர் கில்லியம் 2005-ல் அமெரிக்க மாநில அரசுகளின் முன்பள்ளிகளைக் கணக்கெடுத்தார். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பும் வீதம், பெரிய பள்ளி மாணவர்களை அனுப்பும் வீதத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. மூன்று வயதில் டிஸ்மிஸ்! அடுத்த வருடம் அவரும் கோலன் ஷஹாரும் மாசசூசெட்ஸில் பார்த்தபோது, பிள்ளைகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் வகுப்பு, மூன்று வயதுக்காரர்கள் கூடுதலாக இருக்கும் வகுப்பு, ஆசிரியருக்கு வேலை அழுத்தம் கூடுதலாக இருக்கும் வகுப்பு, இவற்றில் அனுப்புவது அதிகம். பிள்ளையின் குணம் மட்டும்தான் காரணம் என்றால் வகுப்பின் அளவு ஏன் அதில் தலை காட்ட வேண்டும்?

வெளியேற்றப்பட்ட பிள்ளையின் கற்றல் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அது வகுப்பிலேயே இல்லை.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 20, இரவு 10.40

"நாள் முழுக்கப் பிள்ளைகளோடு விளையாடுகிற வேலைக்கு என்ன அழுத்தம்?" இந்தக் கேள்வி வராத இழை கிடையாது. வந்துவிட்டது, நன்றி.

கழிவறைக்குப் போக முடியாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளில் நாசூக்காக 'பணியிடக் கோரிக்கைகள்' என்று எழுதுவார்கள். வகுப்பில் ஒரே பெரியவர் என்றால் பிள்ளைகளைத் தனியே விட்டுப் போக முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்க வேண்டும், அவரும் தனியாகத்தான் இருப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். மதியம் தலைவலி. தலைவலியோடு "நிழலுக்கு வலிக்குமா மிஸ்?"

அப்புறம் முகம். வாடிக்கையாளர் முன்னால் சிரித்த முகமாக இருப்பதும் உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்ஷில்ட் விமானப் பணிப்பெண்களை வைத்து 1983-லேயே எழுதினார். விமானம் தரையிறங்கினால் பயணிகள் இறங்கிவிடுவார்கள். எங்கள் பயணிகள் நாளைக்கும் அதே இருக்கைக்கு வருவார்கள், அதுவும் அழுதுகொண்டு.

பதிவுகள். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை, யார் தூங்கினார், யாருக்கு முழங்காலில் சிராய்ப்பு. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் இதையெல்லாம் எழுதுவது, அதனால் அது ஓய்வு நேரம் என்று அட்டவணையில் பெருமையாக இருக்கும். ஒன்பது நாடுகளில் ஓஈசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-ல் எடுத்த முன்பள்ளிப் பணியாளர் கணக்கெடுப்பில், அழுத்தத்துக்குக் காரணமாக அவர்கள் சொன்னவற்றில் வகுப்பில் அதிகப் பிள்ளைகள், எழுத்து வேலை, வராதவர் வேலையும் தலையில் விழுவது எல்லாம் இருந்தன. நாடு மாறினாலும் புலம்பல் மாறவில்லை.

சம்பளத்தைப் பற்றி இன்று எழுத மாட்டேன். தூக்கம் கெட்டுவிடும்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 21, காலை 6.50

"யோகா, மூச்சுப் பயிற்சி கொடுக்கலாமே?" கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பள்ளி முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகிற நேரத்தில், வருகைப் பதிவோடு. மூச்சை இழுத்து விடும்போது எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்காக அது வேலைக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். பாட்ரிசியா ஜென்னிங்ஸ் குழு நியூயார்க்கில் 36 ஆரம்பப் பள்ளிகளில் 224 ஆசிரியர்களை வைத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒழுங்காகச் சோதித்தது. முடிவு 2017-ல் வந்தது. மனக்குவிப்புப் பயிற்சி பெற்றவர்களின் பதற்றம் குறைந்தது, வெளியாட்கள் மதிப்பிட்ட உணர்வு ஆதரவும் கொஞ்சம் உயர்ந்தது. ஆக, பலன் உண்டு. எனக்கு ஆத்திரம், அது மட்டும் போதும் என்று முடித்துவிடுவதில்தான். ஆள் இல்லாத வகுப்புக்கு ஆள் போடுவதைவிட "அமைதியாக இருங்கள்" என்று சொல்வது மலிவு. போதாததற்கு இப்போது அமைதியாக இருப்பதும் ஒரு கடமையாகப் பட்டியலில் ஏறுகிறது. அமைதியாக இல்லாவிட்டால் 'உங்களால் பிள்ளைகள் மூளை கெடுகிறது' என்று பார்வர்ட் வேறு.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 21, இரவு 8.30

காலையில் ஆள் போடு, ஆள் போடு என்று எழுதினேன். அதற்கு எதிராக நானே ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எண்கணக்கு சொல்லிவிடுவார்.

சிகாகோவில் சிபெல் ரேவர் நடத்திய பள்ளி ஆயத்தத் திட்டம். வறுமை அதிகமுள்ள பகுதிகளின் முன்பள்ளிகள், குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதி வகுப்புகளுக்கு ஆசிரியர் பயிற்சியோடு, மனநல ஆலோசகர் ஒருவர் வாராவாரம் வகுப்புக்கே வந்தார். முதலில் ஆசிரியர் பிள்ளைகளைக் கையாளும் விதத்துக்குக் கூட நின்றார், நடு வருடத்தில் ஆசிரியர் தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள உதவினார், கடைசியில் சிக்கலில் இருந்த பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்தார். அழகு என்னவென்றால், மற்ற பகுதி வகுப்புகளை வெறுமனே விடவில்லை. அங்கேயும் ஒரு உதவியாளரை அனுப்பினார்கள். அப்படியென்றால் கூடுதலாக ஒரு ஆள் என்பது இரண்டு பக்கமும் உண்டு.

அப்படியும் ஆலோசகர் போன வகுப்புகளில் சூழல் மேம்பட்டது. பிள்ளைகளின் தன்னடக்கமும், சொல்வளமும், எழுத்தும், எண்ணும் மேம்பட்டன. 2011-ல் வெளியான முடிவு. இழையின் மூலக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நெருங்கி வரும் பதில் இதுதான், ஏனென்றால் இங்கே வெறும் தொடர்பைப் பார்க்கவில்லை, ஒன்றை மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பயிற்சியும் ஆலோசகரும் சேர்ந்தே வந்ததால், அழுத்தம் குறைந்ததுதான் காரணமா, பயிற்சிதான் காரணமா என்று பிரிப்பது கஷ்டம். ஆனாலும் சும்மா ஒரு ஜோடிக் கை மட்டும் போதாது என்பது தெரிகிறது.

யோசித்துப் பார்த்தால் என் அனுபவமும் அதுதான். எனக்கு ஒரு வருடம் உதவிக்கு வந்தவர் நல்ல வேலைக்காரர், பேச மாட்டார். வகுப்பு சுலபமாக ஓடியது, நான் மாறவில்லை. அடுத்து வந்த ஆயா வகுப்பு முடிந்ததும் "இன்னைக்கு அந்தப் பையன் ஏன் அழுதான் தெரியுமா?" என்று உட்கார்ந்துவிடுவார். அவரோடு இருந்த வருடம்தான் பிள்ளைகளைப் பற்றி நான் யோசித்த வருடம்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 22, பகல் 2.05

சம்பளம். நல்ல தூக்கம் போட்டாயிற்று, எழுதலாம்.

வர்ஜீனியாவில் 2019-ல், பதவியில் நீடித்தால் எட்டு மாதத்தில் 1,500 டாலர் வரை தருவதாகக் குலுக்கல் முறையில் சில மையங்களின் ஆசிரியர்களுக்குச் சொன்னார்கள். டாப்னா பாசோக் குழு அதை ஆராய்ந்தது. குழந்தைப் பராமரிப்பு மையங்களில் அந்தக் காலத்தில் வேலையை விட்டவர்கள் 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தார்கள். பாதி!

வேலையை விடுபவருக்கும் கற்றலுக்கும் என்ன என்று கேட்கலாம். மூன்று வயதுப் பிள்ளை ஒருவரிடம் வாய் திறக்கவே வாரங்கள் ஆகும். அவர் போய்விட்டால் அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து. போனவரின் பிள்ளைகளையும் சேர்த்துச் சுமப்பவர் அதே மாடியில் இருக்கும் இன்னொரு டீச்சர். அடுத்து அவர் போவார்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 24, இரவு 9.50

அரைத்தூக்கம் திரும்பி வந்து கேட்டிருக்கிறார்: "இவ்வளவும் படித்தேன். நான் என்ன செய்ய? மாற்றவா, வேண்டாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முகம் கொடுத்துப் பேசாததற்கு வீட்டில் ஒரு நோயாளி காரணமாக இருக்கலாம், கூட இருந்தவர் விலகியது காரணமாக இருக்கலாம். புகாரும் வேண்டாம், இன்னும் இல்லை. அவர் கையை ஓங்கினாலோ, பிள்ளையை மட்டம் தட்டினாலோ, உங்கள் பெண் அங்கே போக பயந்தாலோ இந்தப் பத்தியை மறந்துவிட்டு நேராக நிர்வாகத்திடம் போங்கள்.

பெண்ணிடம் "மிஸ் திட்டினாங்களா?" என்று கேட்பதை விடுங்கள். "இன்னைக்கு மிஸ்கிட்ட என்ன சொன்ன? மிஸ் என்ன சொன்னாங்க? அதுக்கு நீ என்ன சொன்ன?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வாரத்தில் சில நாளாவது பதில் வந்தால் வகுப்பு உயிரோடு இருக்கிறது.

தலைமை ஆசிரியரைப் பார்த்து, டீச்சரைப் பற்றி ஒன்றும் பேசாமல், அந்த வகுப்பில் இப்போது எத்தனை பெரியவர்கள், ஒருவர் விடுப்பு எடுத்தால் யார் வருவார், மதியம் அவருக்கு ஓய்வு எங்கே என்று விசாரியுங்கள். பெற்றோர் கேட்கிறார்கள் என்றால்தான் அந்தக் கணக்கு மேஜைக்கு வரும். நாங்கள் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள்.

டீச்சரிடம் வாசலில் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். கூட்டிப் போகும் நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். தாமதமாக வரும் பெற்றோரைப் பற்றி நான் தனி இழையே தொடங்கலாம், மட்டுறுத்துநர் அனுமதித்தால்.

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 25, காலை 7.00

ஒரு இளம் ஆசிரியை தனிச்செய்தியில் கேட்டது, பெயர் சொல்லாமல் இங்கே எழுத அனுமதி வாங்கிவிட்டேன்: "பிள்ளைகள் முன்னால் எரிந்து விழுந்துவிட்டேன். அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?"

தெரிந்திருக்கும். அதனால் மூடி மறைக்க வேண்டியதில்லை. எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் அம்மாக்களை அசையாத முகத்தோடு குழந்தை முன் உட்கார வைத்த பரிசோதனையை இங்கேயே இரண்டு பேர் பயமுறுத்துவதற்காக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தை தவித்துப்போவதை மட்டும் காட்டி நிறுத்திவிட்டார்கள். அதே ட்ரானிக் பின்னால் அழுத்திச் சொன்னது, சாதாரண அம்மாவும் குழந்தையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, விட்டுப் போவதும் திரும்பச் சேர்வதுமாகத்தான் நாள் ஓடுகிறது, அந்தத் திரும்பச் சேர்தலில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது என்பதை.

"மிஸ் கோவமா கத்திட்டேன். நீ செஞ்சது பெரிய தப்பு இல்ல, எனக்குத் தலைவலி. இப்ப சொல்லு, என்ன கேட்ட?" இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கேள்வியைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஆசிரியை அப்படியே செய்தாராம். பிள்ளை கேட்டது: "கழிவறைக்குப் போகட்டா மிஸ்?"

சுண்ணக்கட்டி | பிப்ரவரி 25, இரவு 9.15

எண்கணக்கு, நீங்கள் கேட்ட 'ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்' விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே எழுதினால் பழைய பெஞ்சு "எங்கள் காலத்தில் அறுபது பேர்" என்று ஆரம்பித்துவிடுவார். அங்கே வந்து சண்டை போடுகிறேன். அடுத்த வாரம், சனிக்கிழமைக்கு மேல்.